மு.வ. போட்ட கையெழுத்தா?

பத்து ரூபாய்க்கு நான் ஒரு புத்தகம் வாங்கிய கதை இது. யாரும் சிரிக்கக் கூடாது.

ஒரகடம் கூட்டுரோடு பக்கம் ஒரு பழைய பேப்பர் கடை இருக்கிறது. கம்பெனிகளிலிருந்து வரும் அட்டைப்பெட்டிதான் அங்கே மலை மாதிரி குவிந்திருக்கும். புத்தகம் வருவது குறைவு. வாடகை ரூமைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போகிற கம்பெனி அண்ணன்கள் ஐ.டி.ஐ. புத்தகம், இந்திக் கதைப் புத்தகம் என்று எடைக்குப் போட்டுவிட்டுப் போவார்கள். அம்மாவோடு பழைய நோட்டு போடப் போன அன்று அந்தக் குவியலில் மு.வரதராசனாரின் 'திருக்குறள் தெளிவுரை' கிடந்தது. குறள் போட்டிக்கு எனக்குப் பொருளோடு ஒரு புத்தகம் வேண்டியிருந்தது.

ஆனால் அதன் நிலைமை படுமோசம். அட்டையே இல்லை. ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. 39-ஆம் அதிகாரம் இறைமாட்சி முடிந்ததும் நேராக 41, கல்லாமை. நடுவில் கல்வியை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள்! (கல்லாமையை மட்டும் விட்டுவைத்த அந்த மகராசன் யாரோ!)

வேண்டாம் என்று வைக்கப் போனேன். அப்போதுதான் முதல் பக்கத்தைப் பார்த்தேன். நீல மையில் 'மு.வ.' என்று கையெழுத்து. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"என்ன பாப்பா பாக்குற?" என்றார் கடைக்கார அண்ணா.

சட்டென்று மூடிவிட்டேன். "ஒண்ணுமில்லண்ணா, பக்கம் கிழிஞ்சிருக்கு."

"சரி, பத்து ரூவா குடு."

கிழிந்தது உண்மைதான். ஆனால் கிழிந்ததைச் சொன்னவள் கையெழுத்தைச் சொல்லவில்லையே! அன்று ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை.

மறுநாள் தமிழ் ஐயாவிடம் காட்டினேன். ஐயா முதலில் பார்த்தது கையெழுத்தை அல்ல, அச்சிட்ட வருஷத்தை. 1968. "இந்த உரை முதல்ல வந்தது 1949-ல. மு.வ. காலமானது 1974-ல. அதுக்கப்புறம் அச்சடிச்சதா இருந்தா அவர் இல்லைன்னு உடனே சொல்லிடலாம். இது தப்பிச்சிடுச்சு" என்றார். தாளைத் திருப்பிப் பார்த்தார். மை பின்பக்கம் ஊறியிருந்தது. "பால் பாயிண்ட் இல்ல, மைப் பேனா. இதுவும் சரி."

நான் குதிக்காத குறை. ஐயா விடவில்லை. "ஆனா யாருக்குக் குடுத்தாருன்னு பேர் இல்ல, தேதியும் இல்ல. புத்தகம் வாங்குறவங்க முதல் பக்கத்துல தன் பேரைத்தானே போடுவாங்க? வாங்குனவர் மு. வடிவேலா இருந்தா என்னம்மா பண்றது?"

இதை நான் யோசிக்கவே இல்லை.

சனிக்கிழமை புத்தகத்தோடு கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "யாரு இவரு, சினிமாவுல பாட்டு எழுதுனவரா?"

"இல்லண்ணா. தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து, அப்புறம் தமிழ் வாத்தியாராகி, மதுரைப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தரா ஆனவர்."

"அவரே போட்டதுன்னா என்னா வெல போவும்?"

"தெரியலண்ணா. அவருதானான்னே தெரியல."

அண்ணா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப இன்னொரு பத்து ரூவா குடு. அவரா இருந்தா எனக்கு நஷ்டம். இல்லன்னா உனக்கு நஷ்டம்."

என்னிடம் ஐந்து ரூபாய்தான் இருந்தது. மீதி ஐந்து ரூபாய் இன்னும் பாக்கி. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஞாபகப்படுத்துகிறார்.

பள்ளி நூலகப் புத்தகத்தைப் பார்த்து 391 முதல் 400 வரை பத்துக் குறளையும் பொருளோடு கோடு போட்ட தாளில் எழுதி நடுவில் ஒட்டிவிட்டேன். அது யார் கையெழுத்து என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

உங்கள் தாத்தா பாட்டி வீட்டில் மு.வ. கையெழுத்துப் போட்ட புத்தகமோ, அவர் எழுதிய கடிதமோ இருந்தால் தயவுசெய்து கொண்டு வாருங்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.

- 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி