சும்மா சொன்னேன்

ஆங்கிலத்தில் ஃபஸீஷஸ்லி என்று ஒரு வினையடை இருக்கிறது. சொல் விளையாட்டுக்காரர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று ஐந்து உயிரெழுத்துகளும் அதில் வரிசை மாறாமல் ஒவ்வொரு முறை வரும். கடைசியில் ஒய்யும் வந்து நிற்கும். ஆனால் நான் அந்தச் சொல்லிடம் மாட்டிக்கொண்டது மொழிபெயர்ப்பில். ஓர் ஆங்கிலச் சிறுகதை. வேலை போய் வீட்டில் இருக்கும் மருமகனிடம் மாமனார் சாப்பாட்டு மேசையில் கேட்கிறார்: “என்ன மாப்பிள்ளை, ரொம்பக் களைச்சுத் தெரியுறீங்க, வேலை ஜாஸ்தியோ?” ஃபஸீஷஸ்லி கேட்டார் என்று எழுதியிருக்கிறார் ஆசிரியர். கேள்வி ஒரு நிமிடத்தில் தமிழுக்கு வந்துவிட்டது. அந்த ஒற்றைச் சொல்லுக்கு இரண்டு நாள் ஆனது.

அகராதியைத் திறந்தால் வேடிக்கையாக, நகைச்சுவையாக என்று இருக்கும். அது பாதிதான். ஜோக்கிங்லி என்றால் விளையாட்டாக. அதில் வம்பு இல்லை. சார்காஸ்டிக்கலி என்றால் குத்தலாக. காயப்படுத்தும் எண்ணம் வெளிப்படையாகத் தெரியும். ஃபஸீஷஸ்லி இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. கனமான ஒரு விஷயத்தை, சிரிக்கக் கூடாத இடத்தில், லேசானதுபோல் பேசுவது அது. ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று எல்லோரும் வயிற்றில் நெருப்போடு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் மேலாளர் வந்து, “யாருக்கெல்லாம் லாங் லீவு வேணும்?” என்று கேட்டால், அவர் ஃபஸீஷஸ்லி கேட்கிறார். மாமனார் விளையாட்டாகக் கேட்டார் என்று எழுதினால் அவர் நல்லவராகிவிடுவார். குத்தலாகக் கேட்டார் என்று எழுதினால் வில்லனாகிவிடுவார். கதையில் அவர் இரண்டும் இல்லை.

இந்தச் சொல் பிறக்கும்போது இப்படி இருக்கவில்லை. இதன் லத்தீன் மூலத்துக்கு நயமான, நேர்த்தியான என்று பொருள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அது பாராட்டுச் சொல்தான். 19ஆம் நூற்றாண்டில் புத்தக வியாபாரிகள் தங்கள் பட்டியல்களில் ஆபாசப் புத்தகங்களை இதே குடும்பத்துச் சொல்லான ‘ஃபஸீஷியே’ என்ற தலைப்பின்கீழ் நாசூக்காக ஒளித்துவைத்தார்கள். இன்றைக்கு ஒருவரை ஃபஸீஷஸ் என்று சொன்னால் பெரும்பாலும் அது புகார்.

கி.மு. 55இல் பேச்சுக்கலை பற்றி எழுதிய சிசரோ, நகைச்சுவைக்கென்றே நீண்ட பகுதி ஒதுக்கினார். கேலிக்கு அவர் வேலியும் போட்டார். பெரும் துயரத்தில் இருப்பவனையும் கொடும் குற்றம் செய்தவனையும் கேலி செய்யாதே. ஒருவனுக்கு இரக்கம் வேண்டும், மற்றவனுக்குத் தண்டனை வேண்டும், இரண்டுக்கும் சிரிப்பு பொருந்தாது என்பது அதன் சாரம். நயம் என்ற பழைய பொருளுக்குள் இந்த இடமறிதலும் இருந்தது. சொல்லின் மதிப்பு இறங்கியபோது கழன்று போனது இதுதான் என்று நினைக்கிறேன்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் ஏன் கிடைக்கவில்லை? நமக்கு வினையடை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. “பெரிய கலெக்டராம்” என்பதில் உள்ள ‘ஆம்’ போதும். தாமதமாக வருகிறவனை “வாங்க சார், இப்பதான் விடிஞ்சுதா?” என்று கேட்டால், அந்த ‘வாங்க’வில் இருக்கும் மரியாதையே கேலி. “ஆமா, கிழிச்ச” என்பதற்கு எந்த அகராதியும் வேண்டாம். எப்படிச் சொன்னார் என்பது சொன்னதற்குள்ளேயே இருக்கிறது. கடைசியில் வினையடையை எடுத்துவிட்டேன். “மாமனார் கேட்டுவிட்டு, யார் சிரிக்கிறார்கள் என்று மேசையைச் சுற்றிப் பார்த்தார்” என்று எழுதினேன்.

கதை முடிந்தது. ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. கதையில் அந்தச் சொல்லை மாமனாருக்குக் கொடுத்தது ஆசிரியர். வாழ்க்கையில் யார் கொடுப்பது?

எங்கள் வீட்டில் பெரியப்பா கொடுத்தார், தனக்குத்தானே. “உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்” என்று சொல்லப்படாத தமிழ்க் குழந்தை அபூர்வம். வீட்டிலேயே நான்தான் கறுப்பு என்பதால் என் கதையில் கூடுதல் சாட்சியமும் இருந்தது. ஒரு கோடை விடுமுறை முழுக்க அதை நம்பினேன். ரகசியமாகக் கண்ணாடியில் அம்மாவின் மூக்கைத் தேடியிருக்கிறேன். அழுதபோது, “அட, சும்மா சொன்னேன்டி” என்றார். சும்மா என்ற சொல் வந்ததும் தப்பு என் பக்கம் வந்துவிட்டது. விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாத பிள்ளை.

எழுத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். குரல் இல்லை, முகம் இல்லை. 1982 செப்டம்பர் 19 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன், முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்து ஒரு சிரித்த முகம் செய்து, வேடிக்கைக்கு இதைப் போடுங்கள் என்று எழுதியது அதனால்தான். முகம் போடாதவர்கள் பாடு சில சமயம் திண்டாட்டம். 2010 ஜனவரியில் இங்கிலாந்தின் டான்காஸ்டர் அருகே பனியால் விமான நிலையம் மூடப்பட்டது. பயணம் கெட்டுவிடுமோ என்ற எரிச்சலில் ஓர் இளைஞர், சரிசெய்யாவிட்டால் விமான நிலையத்தையே தகர்த்துவிடுவேன் என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். கைது, தண்டனை, அபராதம், வேலையிழப்பு. அது வேடிக்கையாகச் சொன்னதுதான், மிரட்டல் ஆகாது என்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தபோது 2012 ஜூலை ஆகியிருந்தது. ஒரு வினையடையைப் பெற அவருக்கு இரண்டரை வருடம் பிடித்தது.

நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் குழுத் தலைவருக்கு அது இரண்டரை நொடியில் கிடைத்தது. தமிழ்வழியில் படித்த நான் கூட்டத்தில் வாயைத் திறந்தாலே, “நம்ம ஷேக்ஸ்பியர் பேசப்போறாங்க, அமைதி” என்பார். பன்னிரண்டு பேர் சிரிப்பார்கள். சிரிக்காமல் இருக்க முடியாத இடத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒருநாள், “இதுல என்ன ஜோக்குன்னு எனக்குப் புரியல சார், கொஞ்சம் சொல்லுங்க” என்றேன். நிஜமாகவே விளக்கம் கேட்கிற குரலில்தான் கேட்டேன். ஜோக்கை விளக்கச் சொன்னால் அதற்குள் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர் சொல்லவில்லை. “சும்மா சொன்னேம்மா, இதுக்குப் போய்” என்றார். “சும்மான்னு நீங்க சொல்றீங்க சார், எனக்கு அப்படித் தெரியல” என்றேன். ஷேக்ஸ்பியர் அன்றோடு நின்றார். அந்த வருட மதிப்பீட்டில், குழுவோடு இயல்பாகப் பழகுவதில்லை என்று ஒரு வரி வந்தது. சம்பள உயர்வில் அந்த வரிக்கு ஒரு விலையும் இருந்தது.

மேலே இருப்பவருக்கு வினையடை இலவசம். கீழே இருப்பவர் அதற்கு நிரூபணம் கொடுக்க வேண்டும். திருக்குறளின் பண்புடைமை அதிகாரத்தில் 995ஆவது குறள், விளையாட்டுக்குக்கூட இகழ்ச்சி துன்பம் தரும் என்கிறது. சொன்னவர் எந்த எண்ணத்தில் சொன்னார் என்று அது விசாரிக்கவில்லை. கேட்டவருக்கு என்ன ஆனது என்பதோடு நின்றுவிடுகிறது. ஃபஸீஷஸ்லிக்கு இதைவிட நல்ல பயன்பாட்டுக் குறிப்பை நான் எந்த ஆங்கில அகராதியிலும் பார்த்ததில்லை.

இதற்காகக் கேலியே கூடாது என்று சொல்லவரவில்லை. கேலி இல்லாத வீட்டில் என்னால் ஒருநாள் இருக்க முடியாது. போன பொங்கலுக்குப் பெரியப்பா என் அக்கா மகளிடம் அதே தவிட்டுக் கதையை எடுத்தார். ஆறு வயது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “எத்தனை படி, தாத்தா?” பெரியப்பா திணறிப்போய், “ரெண்டு படி” என்றார். “அவ்வளவுதானா? ஏமாந்துட்டாங்க போல” என்றாள். வீடே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவள் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.