குளிராத மார்கழியில் சாத்தாங்காடு

கொண்டு போன மூன்று சுவெட்டர்களில் இரண்டு மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தன. மூன்றாவதை விரித்ததற்காகத் தங்கையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக் கொண்டேன்.

எங்களுக்கு ஓசூர். ஏறக்குறைய 3000 அடி உயரம். மார்கழியில் வாசல் தெளிக்க வாளியில் கை விட்டால் விரல் விறைக்கும். 2024 ஜனவரி முதல் வாரம் தங்கை வீட்டுக்குக் கிளம்பியபோது, ஏழு மாதக் குழந்தை இருக்கிற வீடாயிற்றே என்று ராத்திரி கண் விழித்துக் கம்பளி நூலில் பின்னி எடுத்துப் போனேன். அவள் வீட்டுக்காரருக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கணக்கு எழுதும் வேலை.

கோயம்பேட்டிலிருந்து மெட்ரோ ரயில். சென்ட்ரலில் மாறி, திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் வடிவுடையம்மன் கோயில் பக்கம்தான். கும்பிடு போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். ரயில் பாதை, பக்கிங்காம் கால்வாய் எல்லாம் தாண்டினால் சாத்தாங்காடு. ஊரா அது! பாரிமுனைச் சந்துகளில் நெருக்கியடித்துக் கொண்டிருந்த இரும்புக் கடைகளை நகருக்கு வெளியே கொண்டு வருவதற்காக உண்டாக்கிய மார்க்கெட். பார்க்கும் இடமெல்லாம் கம்பி, தகடு, பூதம் போல டிரெய்லர் லாரிகள். ரோடெல்லாம் துருப் பொடி. கோலம் போட இடம் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் தங்கை தினம் போடுகிறாள்.

முதல் நாள் ராத்திரி குழந்தைக்குச் சுவெட்டர், குல்லா, காலுறை எல்லாம் மாட்டிப் படுக்க வைத்தேன். விடிய விடிய அழுகை. காலையில் கழற்றினால் கழுத்து, முதுகெல்லாம் வேர்க்குரு. "அக்கா, இது ஓசூர் இல்லே. ஃபேன் போட்டுத் தூங்கற ஊர்" என்றாள் தங்கை. மார்கழி இருபதாம் தேதிக்கு மேல் ஃபேனா என்று எனக்கு ஆச்சரியம்.

மார்க்கெட் வாசலில் டீக்கடை போட்டிருக்கும் அம்மா அந்த ஆச்சரியத்தைத் தீர்த்து வைத்தார். விடிகாலையில் பால் வாங்கப் போனபோது, அடுக்கி வைத்திருந்த இரும்புத் தகட்டைக் காட்டினார். "தகடு வேர்த்திருந்தா பனிம்மா. இந்த வருஷம் இன்னும் வேர்க்கவே இல்ல" என்றார். தொட்டுப் பார்த்தேன். பொட்டு ஈரம் இல்லை.

மாடியில் குடியிருக்கும் பள்ளிக்கூட ஆசிரியை அதற்குக் காரணம் சொன்னார். காய்ச்சிய பாலைத் திறந்து வைத்தால் சீக்கிரம் ஆறும், மூடி வைத்தால் ஆறாதில்லையா? பகலில் வாங்கிய சூட்டைப் பூமி ராத்திரியில் வானத்துக்கு விடுகிறது. மேகம்தான் மூடி. மேகமில்லாத, காற்றடிக்காத ராத்திரியில் தகடு நம் கண் முன்னே குளிர்ந்துவிடும். பக்கத்துக் காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் துளியாக நிற்கும். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பொங்கல் வரை விடவில்லை. மூடி திறந்தால்தானே குளிர் வரும்?

கடலும் ஒரு காரணம். அங்கிருந்து கிழக்கே இரண்டு மூன்று கிலோமீட்டரில் வங்காள விரிகுடா. பெரிய அண்டா வெந்நீர் மாதிரி, சீக்கிரம் சுடவும் சுடாது, ஆறவும் ஆறாது. வடகிழக்கிலிருந்து வரும் காற்று அந்த வெதுவெதுப்பான தண்ணீர் மேல் தவழ்ந்து வருவதால், சென்னையில் ஜனவரியிலும் ராத்திரி வெப்பம் சராசரியாக 21 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த அளவே 13.9 டிகிரிதான். அது 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் குளிர் வரவில்லை. மரமும் ஏரியும் இருந்த இடத்தில் சிமென்ட்டும் தாருமாக நிறைத்துவிட்டால் பகல் சூடு ராத்திரியிலும் சுவரிலேயே தங்கிவிடுகிறது.

அந்த வருஷத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, எல் நினோ. ஸ்பானிஷ் மொழியில் 'குழந்தை' என்று அர்த்தமாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் சூடாவதைப் பார்த்துப் பெரு நாட்டு மீனவர்கள் குழந்தை இயேசுவை நினைத்து வைத்த பெயர். எங்கோ பசிபிக் கடல் சூடானால் அமெரிக்காவின் வட பகுதியிலும் கனடாவிலும் குளிர்காலம் இதமாகிறது. நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் வலுக்கிறது. 2015 பெருவெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் எல் நினோ வருஷத்தில்தான் வந்தன. இதற்கெல்லாம் மேலே, பூமி முழுவதுமே சூடேறி வருகிறது. 1901-லிருந்து எடுத்த கணக்கில் நம் நாட்டில் அதிக வெப்பமான வருஷம் 2024 என்று வானிலைத் துறை சொல்கிறது.

குளிர் இல்லாவிட்டால் நல்லதுதானே என்று நினைத்தேன். தங்கையின் மூத்த பையனுக்கு எட்டு வயசு, வீசிங் உண்டு. பனி இல்லாத மார்கழியில் அவன் மூச்சுத் திணறாமல் ஓடி விளையாடினான். சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி எட்டாம் தேதி வாக்கில் நல்ல மழை. அன்றைக்குச் சாயங்காலம் பையனுக்குக் காய்ச்சல். மழையில் நனைந்ததுதான் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாளும் விடவில்லை. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றான். ரத்தப் பரிசோதனையில் டெங்கு! எனக்குக் கை கால் ஓடவில்லை. டாக்டரம்மா பாராசிட்டமாலுக்கு மேல் எதுவும் வேண்டாம், ஆஸ்பிரின் வகையறா கூடவே கூடாது, நிறைய நீராகாரம் கொடுங்கள், வயிற்று வலியோ ரத்தக் கசிவோ தெரிந்தால் உடனே ஓடி வாருங்கள் என்றார். காய்ச்சல் இறங்கின அந்த இரண்டு நாளில்தான் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கணுமாம். நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி விழித்திருந்து இளநீரும் கஞ்சியும் கொடுத்தோம்.

இந்தக் கொசு பகலில் கடிக்கிறது. சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். வெதுவெதுப்பு இருந்தால் வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். குளிர்ந்தால் அது மெதுவாகும். வீடு முழுக்கத் தேடினேன். டிரம்முக்கெல்லாம் தங்கை துணி கட்டித்தான் வைத்திருந்தாள். கடைசியில் ஃபிரிஜ் பின்னால் இருக்கும் தட்டில் நெளிந்து கொண்டிருந்தன புழுக்கள். அதை இழுத்துக் கழுவ வேண்டும் என்று எனக்கும் அது வரை தோன்றியதில்லை. ஓசூர் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்தேன்.

பொங்கலுக்கு ஊர் திரும்ப நினைத்தவள் பையன் எழுந்து உட்காரும் வரை தங்கிவிட்டேன். மழை விட்ட கையோடு போகி வந்தது. அன்று காலை புகை தரையிலேயே படுத்துக் கிடந்தது. தெளிந்த ராத்திரியில் தரையை ஒட்டிய காற்று மேலே உள்ளதை விடக் குளிர்ந்துவிடுவதால் புகை எழும்பவே முடியாதாம். 2018 போகியன்று சென்னை விமானங்களே தாமதமாயின, சில வேறு ஊருக்குத் திருப்பப்பட்டன என்று தங்கை வீட்டுக்காரர் சொன்னார். மணலி, எண்ணூர்ப் பக்கம் போகி இல்லாமலே புகை உண்டு. ஜன்னலையெல்லாம் சாத்திப் பையனை உள்ளேயே வைத்திருந்தோம். குளிர் வந்தால் புகை, வராவிட்டால் கொசு. அந்த ஊர்த் தாய்மார்கள் எதைத்தான் வேண்டிக் கொள்வார்கள்?

பிப்ரவரியில் ஒரு நாள் காலை தங்கை போன் பண்ணினாள். "அக்கா, இன்னிக்குத் தகடெல்லாம் சொட்டச் சொட்ட வேர்த்திருக்கு. பையனை எட்டு மணிக்கு மேலதான் வெளியே விடப் போறேன். அந்தச் சுவெட்டர்ல பெரிசா ஒண்ணு இவனுக்குப் போட்டுத் தரியா?"

நூல் வாங்கிவிட்டேன்.