மன்றங்களும் மாதப் பரீட்சையும்

சிங்கப்பெருமாள் கோயிலில் நரசிம்மரைப் பிரதட்சிணம் செய்ய வேண்டுமானால், அவருக்குப் பின்னால் இருக்கும் குன்றையே சுற்றி வர வேண்டும். குன்றைக் குடைந்து எடுத்த சந்நிதியாதலால் வேறு வழியில்லை. பள்ளி மன்றங்களின் பொறுப்பு நம் தலையில் விழுந்த 2022-ஆம் வருஷத்தில் இந்த விஷயம் நமக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது. பையன்களுக்கு வாரத்தில் முக்கால் மணி நேரம் சந்தோஷம் உண்டாக்க நாம் சுற்ற வேண்டியிருந்த குன்றுக்குக் கால அட்டவணை என்று பெயர்.

நாம் இவ்வூருக்குச் சமீபத்தில் ஓர் ஆண்கள் பள்ளியில் சரித்திரம் போதிக்கும் உபாத்தியாயர். சர்வகலாசாலைப் பட்டம் இரண்டு பெற்றிருக்கிறோம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இதையெல்லாம் சொல்வது பெருமைக்காக அல்ல. பின்னால் மாடு மேய்க்கும் ஒரு பையனிடம் தோற்கப் போகிறோம். தோற்றவர் இன்னார் என்று நேயர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

முன்னாளில் பள்ளிக்கூடத்து மன்றம் என்றால் இலக்கிய மன்றம் ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு முறை கூடும், தலைவர் பேசுவார், பையன்கள் தூங்குவார்கள், வந்தனோபசாரத்துடன் கலையும். 2022-இல் கல்வி இலாகாவார் இலக்கியம், வினாடி வினா, திரைப்படம், சுற்றுச்சூழல் என்று வரிசையாக மன்றங்களை முடுக்கிவிட்டார்கள். நவம்பர் 28-ஆம் தேதி திருச்சியில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ‘வானவில் மன்றம்’ வேறு ஆரம்பமாயிற்று.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு வந்தது சதுரங்க ஜுரம். ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரையில் மாமல்லபுரத்தில் 44-வது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. இந்தியாவில் அதுவே முதல் தடவை. 180-க்கு மேற்பட்ட தேசங்களின் ஆட்டக்காரர்கள் நம் செங்கற்பட்டு ஜில்லாவில் வந்து இறங்கினார்கள். சென்னையில் நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டியிருந்தபோது, பையன்கள் வராந்தாவில் சுண்ணாம்புக்கட்டியால் கட்டம் போட்டதற்கு நாம் எப்படிக் கோபித்துக்கொள்வது? சோடாப்புட்டி மூடிகளே காய்கள். எது மந்திரி, எது சிப்பாய் என்று பாதி ஆட்டத்தில் கைகலப்பு மூளும். பதினாறு வயதுக் குகேஷ் தொடர்ச்சியாக எட்டு ஆட்டங்களை ஜயித்தபோது, ஒவ்வொரு ஜயத்துக்கும் நம் வராந்தாவில் ஒரு கோஷம் கிளம்பியது. அதே குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியனானார். அதற்குள் நம் பள்ளியில் மூடிகளெல்லாம் தொலைந்து போயிருந்தன.

திரைப்பட மன்றத்தில், 1956-இல் பிரான்ஸ் தேசத்தில் எடுத்த ‘சிவப்புப் பலூன்’ காட்டினோம். பேச்சு மிகச் சொற்பம். போக்கிரிப் பையன்கள் கவண்கல்லால் பலூனைச் சாகடிக்கும் கட்டத்தில், கடைசி பெஞ்சு வஸ்தாதுகள் இருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாம் பார்க்காதது போல் இருந்துவிட்டோம்.

நாம் தோற்றது சுற்றுச்சூழல் மன்றத்தில். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், மைதானத்தை அடுத்த வயலில் வெளுத்த பறவை ஒன்று நின்றது. “பாருங்கள், கொக்கு!” என்று பையன்களுக்குக் காட்டினோம்.

“கொக்கு இல்லை ஸார், நத்தைகுத்தி. மூக்குக்கு நடுவிலே சந்து தெரியுது பாருங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ஒன்பதாம் வகுப்புப் பையன் அவன். காலையில் மாட்டை ஓட்டிக் கட்டிவிட்டுப் பள்ளிக்கு வருகிறவன். வகுப்பில் அவன் வாய் திறந்து நாம் கேட்டது அதுவே முதல் தடவை. இரவு புத்தகத்தைப் புரட்டினோம். நத்தைகுத்தி நாரைதான், அலகின் இடுக்கும் அவன் சொன்னபடியே இருந்தது.

பொங்கல் கழிந்ததும் வேடந்தாங்கலுக்குப் பிரயாணம் ஏற்பாடாயிற்று. பஸ்ஸில் இடம் 50; பெயர் கொடுத்தவர்கள் 72. மாதப் பரீட்சையில் எல்லாப் பாடங்களிலும் தேறியவர்களுக்கே இடம் என்று ஒரு நிபந்தனை எழுதினோம். எழுதியது வேறு யாருமல்ல, நாமேதான். எவரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. அவனுக்குக் கணக்கில் 29. பட்டியலைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டான்.

வேடந்தாங்கல் கரையில் சரித்திர உபாத்தியாயருக்கு உற்சாகம் பொங்கிற்று. கிராமத்தார் அந்தப் பறவைகளைக் காத்துவந்த கதையைச் சொன்னோம். 1798-ஆம் ஆண்டிலேயே கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம், பறவைகளை யாரும் சுடலாகாது என்று அவர்கள் எழுத்து வாங்கியதைச் சொன்னோம். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதைப் பள்ளிக்கூடம் போகாத குடியானவர்கள் கண்டறிந்திருந்ததைச் சொன்னோம். 2022-இல் ராம்சார் பட்டியலில் அந்த ஏரி சேர்ந்ததையும் விடவில்லை. பிரசங்கம் முடிந்ததும் பையன்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

“கரண்டி மாதிரி மூக்கு, அது என்ன ஸார்?”

“கரண்டிவாயன்.” பெயரிலேயே விடை இருந்ததால் தப்பினோம்.

“உடம்பு தண்ணிக்குள்ளே, கழுத்து மட்டும் பாம்பு மாதிரி வெளியிலே, அது ஸார்?”

நாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தோம். அப்போது ஒரு பொடியன், “அவன் வந்திருந்தா சொல்லியிருப்பான்” என்றான். குற்றம் சாட்டும் எண்ணம் அவனுக்கு அணுவளவும் கிடையாது. திரும்பும் வழியில் செங்கற்பட்டு வரும் வரையில் நாம் யாருடனும் பேசவில்லை.

திங்கட்கிழமை அவனைக் கூப்பிட்டு, “உங்கள் ஊர் ஏரியைப் பார்க்க நாங்கள் வரலாமா?” என்று கேட்டோம்.

சற்று யோசித்தான். “வாங்க ஸார். ஆறு மணிக்கே வந்துடணும். ஏழு மணிக்கு மாடு ஓட்டணும்.”

ஞாயிற்றுக்கிழமை நான்கு பையன்களுடன் போனோம். கரையில் நுனா மரத்தடியில் அவன் காத்திருந்தான். கழுத்தை மட்டும் நீட்டி நீந்துவது பாம்புத்தாரா என்பதை அன்று கற்றோம். ஒரு மணி நேரத்தில் 19 பெயர்கள் நோட்டில் ஏறின. அவற்றில் மூன்று எந்தப் புத்தகத்திலும் அகப்படவில்லை. அவன் பாட்டி சொல்லும் பெயர்களாம். அவற்றையும் எழுதிக்கொண்டோம். மறுநாள் பதிவேட்டில் நம் நிபந்தனையை நாமே அடித்தோம்.

ஜூன் மாதத்தில் அவன் பத்தாம் வகுப்புக்குப் போனான். நம் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு மன்றம் கிடையாது, பரீட்சைதான். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணியைப் பற்றிச் சட்டம் ஒன்றும் இல்லாதபடியால், நாங்கள் ஏரிக்குப் போய்வந்தோம். ஏழு மணிக்கு அவன் மாட்டை அவிழ்க்க ஓடிவிடுவான்; மீதிப் பறவைகளுக்கு நாம்தான் பெயர் சொல்ல வேண்டியிருந்தது.