பலாலியிலிருந்து திருச்சி 180 கிலோமீற்றர்

ஒரு சின்னக் கணக்கு. பலாலிக்கும் திருச்சிக்கும் வானத்தாலை எவ்வளவு தூரம்? ஏறக்குறைய 180 கிலோமீற்றர். பலாலியிலிருந்து இரத்மலானைக்கு 330. அதாவது எங்கட ஊருக்குக் கொழும்பைவிடத் திருச்சிதான் கிட்ட. திரான்சியிலை இதைச் சொன்னா அரைவாசிச் சனம் நம்பாது...

2006 ஓகஸ்டிலை ஏ9 பாதை பூட்டுப்பட்டாப் பிறகு, யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடுறதெண்டா ஆமியிட்டைக் கிளியரன்ஸ் எடுக்கவேணும். பிறகு கப்பல், இல்லாட்டிப் பிளேன். நான் கம்பஸை அரைவாசியிலை விட்டிட்டு 2007இலை பிளேன் ஏறினன். இரத்மலானைக்குப் பறந்தது ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்துக்குக் காத்திருந்தது ஏழு கிழமை.

பிரான்சிலை அகதியா ஏற்றுக்கொண்டாப் பிறகு ஒரு பயணப் பத்திரம் தருவினம். அதோடை எங்கையும் போகலாம், இலங்கையைத் தவிர. உங்களிலை கனபேருக்குத் தெரிஞ்ச கதைதான். அதனாலை தாய் பிள்ளையைப் பாக்கிறதெண்டா இந்தியாவிலைதான்.

2014இலை அம்மா திருச்சிக்கு வந்தா. யாழ்ப்பாணத்திலை இரவு பஸ் ஏறி விடியக் கொழும்பு. அங்கையிருந்து கட்டுநாயக்கா. பிறகு பிளேன். தரையாலை 400 கிலோமீற்றர் தெற்கை போய், வானத்தாலை இன்னொரு 400 கிலோமீற்றர் வடக்கை திரும்பி வந்தவ. வந்திறங்கேக்கை ரெண்டு காலும் வீங்கியிருந்தது. முதல் மூண்டு நாளும் லொட்ஜ் கட்டிலிலைதான்.

பலாலியாலை கடல் தாண்டுறது ஒண்டும் புதுசில்லை. எயர் சிலோன் 1947 டிசம்பர் 10 முதன்முதலாப் பறந்ததே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியா மதராசுக்குத்தான். பிறகு சண்டை எல்லாத்தையும் விழுங்கிப் போட்டுது. 2019 ஒக்ரோபர் 17 பலாலியைச் சர்வதேச விமான நிலையமெண்டு திறந்து, நவம்பரிலை சென்னைக்குப் பிளேன் விட்டாங்கள். 2020இலை கொரோனாவோடை நிண்டு, 2022 டிசம்பரிலை திரும்பத் தொடங்கினது. திருச்சிக்கு இண்டிகோ வந்தது 2025 மார்ச் 30.

அந்த வருசமே விசா எடுத்துப் போனன். அம்மாவுக்கு எழுபத்தாறு. மத்தியானம் வீட்டிலை சாப்பிட்டிட்டு வெளிக்கிட்டவ, பொழுதுபடேக்கை எனக்கு முன்னாலை நிக்கிறா. கையிலை புழுக்கொடியல் பை. "என்னடா, பருத்தித்துறைக்குப் போய்வாற மாதிரிக் கிடக்கு" எண்டு சிரிச்சா. அண்டைக்குத்தான் எனக்கு முதன்முதலாக் கோவம் வந்தது. இவ்வளவுதான் தூரமெண்டா, அவ்வளவு காலமும் அவவை ஏன் அப்பிடி அலைச்சவங்கள்?

பத்து நாள் பத்து நிமிசமாப் போச்சுது. திரும்பிப் போகேக்கை எயர்போட் வாசலிலை என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னா, "ஒரு மணித்தியாலம்தானேயடா ராசா, நீயும் ஏறி வாவன்."

அவவுக்குச் சட்டம் தெரியாமலில்லை. தெரிஞ்சுதான் கேட்டவ. நான் ஒண்டும் சொல்லேல்லை, பையைத் தூக்கிக் குடுத்தன்.

நான் லொட்ஜிலை உடுப்பு அடுக்கிக்கொண்டிருக்கேக்கை போன் வந்தது. "வீட்டை வந்திட்டன். கிணத்தடியிலை கால் கழுவிறன்."

எனக்கு இன்னும் எட்டாயிரம் கிலோமீற்றர் கிடந்தது.