நான்கு நிமிட ஓட்டம்

முதற் பாடவேளையில் கண்ணயர்ந்த கால்பந்தாட்ட மாணவர் ஒருவரைக் கடிந்துகொண்டோம். "வைகறையில் நான்கு நிமிட ஓட்டம், ஐயா, நான்கு முறை" என்றார். இவ்வளவுதானா என்று நகைத்தோம்.

உடற்கல்வி இயக்குநர் 2001இல் வெளிவந்த நார்வே நாட்டு ஆய்வொன்றை எம் கையில் தந்தார். பதினெட்டு வயதையொட்டிய ஆட்டக்காரர்கள், வாரம் இருமுறையாக எட்டு வாரம், இதயத்துடிப்பு அதன் உச்ச அளவில் 90 முதல் 95 விழுக்காட்டை எட்டுமாறு அந்நான்கு நிமிடங்களும் ஓடியுள்ளனர். இடையிடையே மூன்று நிமிடம் மெல்லோட்டம். பின்னர் ஆட்டத்தில் அவர்கள் கடந்த தொலைவு 20 விழுக்காடு கூடிற்று; விரைவோட்டங்கள் இருமடங்காயின. பந்தை உதைக்கும் வேகமோ மாறவில்லை. அதற்குப் பந்தோடுதான் பழகவேண்டும் போலும்; யாப்பும் அப்படித்தான்!

மறுநாள் வகுப்பிலேயே எம் தவற்றை ஒப்புக்கொண்டோம். அவர் பின்வரிசை கேட்டார். காற்று வரும் சன்னலோரம் தந்தோம்.