அம்மா பத்திரப்படுத்திய கடிதங்கள்

வில்ஃப்ரெட் ஓவனைப் போர்க் கவிஞராகத்தான் பலருக்கும் தெரியும். எனக்கு அவர் முதலில் அம்மா பிள்ளை. 1915 அக்டோபரில் படையில் சேர்ந்தபோது வயது 22. எசெக்ஸில் இருந்த ஹேர் ஹால் பயிற்சி முகாமிலிருந்து அம்மா சூசனுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். கிடைத்திருக்கும் 600-க்கும் மேற்பட்ட கடிதங்களில் பெரும்பாலானவை அம்மாவுக்கு எழுதியவைதான்.

போர்முனைக் கடிதங்களைவிட இந்த முகாம் கடிதங்களே என்னை அதிகம் கலங்கடிக்கின்றன. பீரங்கிச் சத்தத்தை இன்னும் கேட்காத பையன் அவன். எழுதியவனுக்குத் தெரியாத முடிவு, படிக்கும் நமக்குத் தெரிகிறதே!

1918 நவம்பர் 4 அன்று பிரான்சில் ஒரு கால்வாயைக் கடக்கும் சண்டையில் இறந்தார். போர் முடிய ஒரே வாரம். நவம்பர் 11, ஷ்ரூஸ்பரியில் வெற்றி மணிகள் ஒலித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குத் தந்தி வந்தது.

அவர் கடைசியாக எழுதிய கடிதமும் அம்மாவுக்குத்தான்.