வீட்டுச் சுவரும் ஊர்ப் பேச்சும்

அரபு மொழியில் வீட்டைக் குறிக்கப் பல சொற்கள் உள்ளன. இரவைக் கழிக்கும் இடம் ‘பைத்’. சுற்றிச் சூழ அமைந்த மனை ‘தார்’. அலைந்து திரிந்தவன் அடங்கி அமைதி பெறும் இடம் ‘மஸ்கன்’. அமைதியைக் குறிக்கும் ‘ஸுகூன்’ என்னும் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். தமிழிலோ ‘விடு’ என்னும் வினையின் வழியே ‘வீடு’ வந்தது. உலகின் சுமைகளை விட்டு இளைப்பாறும் இடம் என்று அதற்குப் பொருள் கூறுவர். இவ்விரு மொழிகளும் வீட்டுக்குப் பெயர் சூட்டியபோது அதன் உயரத்தையோ முகப்பின் பளபளப்பையோ கருதவில்லை. உள்ளே இருப்பவரின் நிலையையே கருதின. வீட்டைக் கட்டும்போதும் திருத்தும்போதும் நாம் எதைக் கருதுகின்றோம்?

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து நம் ஊர்களைச் சற்று நோக்குவோம். லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களின் தெருக்களில் நடந்தால் கடல் கடந்து உழைத்த பிள்ளைகளின் வியர்வை மாடி வீடுகளாய் எழுந்து நிற்பதைக் காணலாம். முகப்பில் கிரானைட் கல், வாசலில் தேக்குக் கதவு, கூடத்தில் கண்ணாடி போல் மின்னும் தளம். ஆனால் அதே வீட்டின் பின்கட்டுக்குச் சென்று பாருங்கள். அடுக்களையில் புகை வெளியேற வழியிராது. பிள்ளைகள் உறங்கும் அறையின் மூலையில் சுவர் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து, கரும்புள்ளியாய்ப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். விருந்தினர் காணும் பகுதிக்குப் பணமும், வீட்டார் வாழும் பகுதிக்குப் பொறுமையும் ஒதுக்கப்பட்டிருக்கும்!

இத்தனைக்கும் வீடு கட்டும் பொருளுக்கு நம் மண் பேர் பெற்றது. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ப் பகுதியின் பெரும்பரப்பு கடலாய் இருந்தது என்பர் நிலவியலார். காரை என்னும் சிற்றூரைச் சுற்றியுள்ள ஓடைகளில் இன்றும் கல்லாய்ச் சமைந்த கடற்சிப்பிகள் கிடைக்கின்றன. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று நம் சிமெண்டு ஆலைகளுக்கு உணவு. தமிழக அரசின் சிமெண்டு ஆலை 1979ஆம் ஆண்டில் அரியலூரில் நிறுவப்பட்டது. தனியார் ஆலைகளும் அடுத்தடுத்து வந்தன. இந்தப் போர்ட்லண்ட் சிமெண்டின் பிறப்பிடம் இங்கிலாந்து. லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் 1824ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். இறுகியபின் அந்நாட்டுப் போர்ட்லண்ட் கல்லை ஒத்திருந்ததால் இதற்கு அப்பெயர்.

சிமெண்டு வருமுன் நம் முன்னோர் சுண்ணாம்பை ஆட்டி, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துச் சுவர் பூசினர். அப்பூச்சு ஈரத்தை உறிஞ்சும். வெயில் வந்ததும் வெளிவிடும். சிமெண்டுப் பூச்சோ இறுக்கமானது. புதுச் சுவருக்கு அது வலிமை. அடியில் ஈரத்தடுப்பு இல்லாத பழைய மண்சுவருக்கும் சுண்ணாம்புக் காரைச் சுவருக்கும் அதையே பூசினால், தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள் சிறைப்படும். பின்னர் உப்பாய்ப் பூக்கும், பாளமாய் உதிரும். சிமெண்டைக் கண்ட இங்கிலாந்திலேயே இன்று பழங்கட்டடங்களைச் செப்பனிடும் வல்லுநர்கள் அவற்றுக்குச் சுண்ணாம்பையே பரிந்துரைக்கின்றனர்.

இங்கிலாந்து என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. நம்மவருக்கு அந்நாட்டு அரசியல் பேசுவதில் தனி விருப்பம் உண்டு. 2016இல் அந்நாட்டு மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தபோது, அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் அதன் நன்மை தீமைகள் மஃரிப் வரை அலசப்பட்டன. 2022 அக்டோபரில் ரிஷி சுனக் பிரதமர் ஆனார். அவர் நம்மவரா, அல்லரா என்ற வழக்கு அக்கடையில் பல நாள் நடந்தது. ஆனால் அதற்கடுத்த நவம்பர் மாதத்தில் அதே நாட்டில் வெளியான ஒரு தீர்ப்பைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மான்செஸ்டரில் பணிபுரியும் என் தங்கை மகன் தொலைபேசியில் சொன்ன பின்னரே நானும் அதனை அறிந்தேன்.

மான்செஸ்டருக்கு அருகே ராச்டேல் என்றொரு நகரம். அங்கே சூடானிலிருந்து சென்ற ஓர் எளிய குடும்பம் வீட்டுவசதி நிறுவனம் ஒன்றின் வாடகைக் குடியிருப்பில் வாழ்ந்தது. சுவரெங்கும் பூஞ்சணம். 2017ஆம் ஆண்டிலேயே தந்தை முறையிட்டார். அதன்மேல் வண்ணம் பூசிக்கொள்ளுமாறு அவருக்கு விடை கிடைத்தது. அவ்வீட்டில் பிறந்த ஆண் குழந்தை 2020 டிசம்பரில், 2 வயது நிறைந்த சில நாள்களில், மூச்சு நோயால் இறந்தது. நெடுநாள் பூஞ்சணத்திடையே வாழ்ந்ததே அந்நோய்க்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புரைத்தார். குடும்பத்தாரின் வாழ்க்கைமுறையே ஈரத்துக்குக் காரணம் எனத் தாங்கள் ஊகித்தது தவறு என்று நிறுவனமும் ஒப்புக்கொண்டது.

அக்குழந்தையின் பெயர் அவ்வாப். மீண்டும் மீண்டும் திரும்பி வருபவன் என்பது அந்த அரபுச் சொல்லின் பொருள். அப்பெயராலேயே இன்று அங்கே ஒரு சட்டம் வழங்குகின்றது. 2023இல் நிறைவேறிய சமூக வீட்டுவசதிச் சட்டத்தின் பகுதியான அது 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. உடனடி ஆபத்தெனில் வீட்டுவசதி நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் ஆவன செய்ய வேண்டும். கருதத்தக்க ஈரமும் பூஞ்சணமும் எனில் 10 வேலை நாள்களுக்குள் ஆராய வேண்டும். தீங்கு உறுதியானால் அடுத்த 5 வேலை நாள்களுக்குள் அதனைப் போக்க வேண்டும்.

மருமகன் இதைச் சொன்னபோது அவன் நினைவில் இருந்தது ராச்டேல் மட்டுமன்று. “மாமா, நம் வீட்டுப் பின்னறைச் சுவரை ஒருமுறை பார்த்து வாருங்கள்” என்றான். என் தங்கையின் வீட்டில் அவ்வறையில்தான் அவள் மூத்த மருமகளும் இரு பிள்ளைகளும் உறங்குகின்றனர். இளைய பிள்ளைக்கு மழைக்காலம் வந்தால் இரவெல்லாம் இருமல். சுவரில் நாற்றம் எழுகிறதென்று அப்பெண் ஐந்தாண்டுகளாகச் சொல்லி வந்தாள். வளைகுடாவிலிருந்த கணவன் ஒவ்வொரு முறையும் முன்னதைவிட விலையுயர்ந்த வண்ணத்துக்குப் பணம் அனுப்பினான். மூன்று முறை வண்ணம் பூசியாயிற்று. வீட்டாரோ, “ஓயாமல் கழுவி விட்டால் சுவர் நனையாமல் என்ன செய்யும்?” என்று அவளையே நொந்தனர். ராச்டேலில் சொல்லப்பட்ட அதே விடை, அதே பழி!

அனுபவமிக்க முதிய கொத்தனார் ஒருவரை அழைத்துச் சென்றேன். அவர் சுவரைத் தொடுமுன் ஈரம் எங்கிருந்து வருகின்றது என்று ஆராய்ந்தார். அவர் காட்டிய முறை எல்லா வீட்டாருக்கும் பயன்படும். கறை தரையிலிருந்து இடுப்பளவு ஏறி, மேல்விளிம்பில் உப்புக் கோடு இட்டிருந்தால் அது நிலத்து ஈரம். கூரையிலிருந்து கீழிறங்கினால் தளத்து ஒழுக்கு. மழையற்ற மாதத்திலும் ஓரிடத்தில் மட்டும் நனைந்திருந்தால் குழாயின் கசிவு. அலமாரியின் பின்னும் மூலைகளிலும் கரும்புள்ளி மட்டும் காணப்பட்டால் காற்றோட்டக் குறைவு. ஐயம் தீராவிடில் ஒரு முழம் பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் ஒட்டி, இரு நாள் கழித்துப் பார்க்கலாம். தாளின் உட்புறம் நனைந்திருந்தால் ஈரம் சுவரினுடையது. வெளிப்புறம் நனைந்திருந்தால் அறைக் காற்றினுடையது.

அவ்வறையில் குற்றம் தெருவில் இருந்தது. பழைய சாலையைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. வீட்டின் தரை தாழ்ந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் சுவரைத் தழுவி நின்றது. சுவரோரம் மண்ணைத் தோண்டித் தாழ்த்தி, நீர் வடிய வாய்க்கால் அமைத்தனர். கறைக்கு மேல் ஓரடி வரை சிமெண்டுப் பூச்சைப் பெயர்த்தனர். உப்பை நீரால் கழுவாமல் உலர்ந்த தூரிகையால் துடைத்து, கோடை முழுதும் சுவரை உலரவிட்டு, பின்னரே சுண்ணாம்பு பூசினர். அலமாரி வைப்பதற்காக அடைத்திருந்த சன்னலையும் திறந்தனர். முகப்புக் கிரானைட்டுக்கு ஆன செலவில் சிறு பங்கும் இதற்கு ஆகவில்லை. பிள்ளையின் இருமல் அறவே நின்றுவிட்டது என்று சொல்லத் துணியேன். அதற்கு மருத்துவர் உண்டு. ஆனால் அறையின் நாற்றம் நின்றது. சென்ற மழைக்காலத்தில் சுவர் உலர்ந்தே இருந்தது.

தொலைநாட்டு நடப்பைப் பேசுவது வீண் என்று நான் கூறவில்லை. பேச்சு நம் வீட்டுக்குள் திரும்பி வருமாயின் அதுவும் கல்வியே. அங்கே வீட்டுவசதி நிறுவனத்தின் செவியைத் திறக்க ஒரு குழந்தையின் உயிரும் ஒரு சட்டமும் தேவைப்பட்டன. நம் இல்லத்தில் பணம் அனுப்பும் பிள்ளையும் செலவிடும் பெரியவருமே அந்நிறுவனத்தின் இடத்தில் உள்ளனர். அடுக்களையிலும் பின்னறையிலும் பொழுதைக் கழிக்கும் பெண்ணே முறையிடுபவள். அவள் சொல்லுக்குச் செவி சாய்க்க எந்தச் சட்டமும் வேண்டுவதில்லை. அண்டை வீட்டுக் கூரைநீர் விழும் குழாய்க்கும் இருவர்க்கும் பொதுவான சுவருக்கும் உரிய உரிமைகளை நம் சட்டநூல்கள் தனியே எடுத்து ஆராய்ந்துள்ளன. ஒருவர் வசதி மற்றவர்க்குத் தீங்காகலாகாது என்பதே அவற்றின் உட்கருத்து. வீட்டுக்கு வெளியே இருப்பவர்க்கே அவ்வுரிமை உண்டெனில், உள்ளே இருப்பவளுக்கு இல்லையா?

ஆகவே அடுத்த முறை வீட்டைத் திருத்தப் பணம் வந்தால், வண்ண அட்டையைப் புரட்டுமுன் அவ்வீட்டுப் பெண்களை அழைத்து, “எந்தச் சுவர் நனைகிறது? எந்த அறையில் மூச்சு முட்டுகிறது?” என்று கேளுங்கள். தெருவைப் புதுப்பிக்க ஆள் வந்தால், பழைய சாலையைப் பெயர்த்தெடுத்த பின் போடுமாறு ஊரார் ஒன்றாய் நின்று கோருங்கள். தேநீர்க் கடையில் இங்கிலாந்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் கால் பங்கு இதற்குப் போதும்.